சாலியேரியின் காது: ‘அமேடியஸ்’ எங்கே பொய் சொல்கிறது, ஏன் சொல்கிறது

1823ஆம் ஆண்டு. வியன்னாவில் ஒரு மருத்துவமனை அறை. கழுத்தில் கட்டுப் போட்ட கிழவர் ஒருவர், பாவ அறிக்கை கேட்க வந்த இளம் பாதிரியாருக்குப் பியானோவில் ஒரு மெட்டை வாசித்துக் காட்டுகிறார். தெரிகிறதா என்கிறார். தெரியவில்லை. இன்னொன்றை வாசிக்கிறார். அதுவும் தெரியவில்லை. மூன்றாவது மெட்டு தொடங்கிய மறுநொடியே பாதிரியாரின் முகம் மலர்கிறது, கூடவே முணுமுணுக்கிறார். நீங்கள் எழுதியது என்று தெரியாமல் போயிற்றே என்று வருந்துகிறார். கிழவர் அந்தோனியோ சாலியேரி. முதல் இரண்டு மெட்டுகள் அவருடையவை, மூன்றாவது மொசார்ட்டுடையது.

வரலாற்றுப்படி இந்தக் காட்சி நடந்திருக்க முடியாது. பாதிரியார் முணுமுணுக்கும் ‘ஐனெ க்ளைனெ நாக்ட்மூசிக்’ 1787 ஆகஸ்டில் எழுதி முடிக்கப்பட்டது. ஆனால் அச்சேறியது 1827 வாக்கில்தான். 1823இல் ஒரு சாதாரணப் பாதிரியாரின் காதுக்கு அது எட்டியிருக்க வழியில்லை. நம் காதுக்கு அது நன்றாகவே எட்டியிருக்கிறது. லிஃப்டிலும் தொலைபேசிக் காத்திருப்பிலும் கேட்டுப் பழகிய மெட்டு. ‘யார் நிலைத்தார், யார் மறக்கப்பட்டார்’ என்பதை ஒரு வசன விளக்கமும் இல்லாமல் பார்வையாளரையே சாட்சியாக்கிச் சொல்வதற்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. 1984இல் வெளிவந்த ‘அமேடியஸ்’ திரைப்படம் முழுக்க இப்படித்தான் வேலை செய்கிறது. ஆவணத்தை மீறும் இடங்களில் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்களைப் பிடித்துக்கொண்டால், கற்பனை கலந்த வாழ்க்கைப் படம் ஒன்று எப்படிக் கட்டப்படுகிறது என்பது புரியும்.

விதை பழையது. சாலியேரி உடல்நலம் குன்றி மருத்துவமனையில் கிடந்தபோதே, மொசார்ட்டுக்குத் தாம்தான் நஞ்சு வைத்ததாக அவர் புலம்பினார் என்ற வதந்தி வியன்னாவில் பரவியிருந்தது. காது கேளாத பேத்தோவனோடு நண்பர்கள் எழுதிப் பேசிய உரையாடல் ஏடுகளிலும் அந்த வதந்தி பதிவாகியிருக்கிறது. சாலியேரியைக் கவனித்துக்கொண்ட பணியாளர்கள் இருவர், அப்படி ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை என்று எழுதிக் கையொப்பமிட்டார்கள். வதந்தி ஓடிய வேகத்தில் அந்த மறுப்பு ஓடவில்லை. சாலியேரி 1825 மே மாதம் இறந்தார். 1830இல் ரஷ்யக் கவிஞர் புஷ்கின் இந்தக் கதையை ஒரு குட்டி நாடகமாக்கினார், பிறகு இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் அதை ஓபராவாக்கினார். 1979 நவம்பரில் லண்டன் நேஷனல் தியேட்டரில் பீட்டர் ஷாஃபரின் நாடகம் மேடையேறியது. அதைப் பார்த்த இயக்குநர் மிலோஷ் ஃபோர்மன், ஷாஃபரோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து திரைக்கதையாகத் திருப்பி எழுத வைத்தார்.

இசையமைப்பாளரைப் பற்றிப் படம் எடுப்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். இசை எழுதுவது கண்ணுக்குத் தெரியாத வேலை. ஓவியர் தூரிகை பிடிப்பதைப் படம்பிடிக்கலாம், நடனக்காரர் ஆடுவதைப் படம்பிடிக்கலாம். ஒருவர் மேசை முன் உட்கார்ந்து தாளில் புள்ளி வைப்பதை எவ்வளவு நேரம் காட்ட முடியும்? அதனால் பெரும்பாலான படங்கள் இசையைப் பின்னணியில் ஓடவிட்டு, காதல், கடன், காசநோய், கைதட்டல் என்று வேறு பக்கம் போய்விடுகின்றன. மேதை வானத்தைப் பார்ப்பார், வயலின்கள் உயரும். அவருக்குள் என்ன நடந்தது என்பது கடைசிவரை தெரியாது.

ஷாஃபர் கண்ட வழி, மேதையின் மண்டைக்குள் போகும் முயற்சியையே கைவிடுவது. பக்கத்தில் நிற்கும் இன்னொருவரின் காது வழியாகக் கேட்கலாம். அந்தக் காதுக்குரியவர் தொழில் தெரிந்தவராக இருக்க வேண்டும். தாளைப் பார்த்தாலே மனத்துக்குள் வாத்தியங்கள் ஒலிக்க வேண்டும், கேட்டதைச் சொல்லிலும் வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். கேட்பதே அவருக்கு வலியாகவும் இருந்துவிட்டால் நாடகம் கைக்கு வந்துவிடும். படத்தின் உண்மையான கதாநாயகர் அதனால்தான் சாலியேரி. சாலியேரியாக நடித்த எஃப். முர்ரே ஏப்ரஹாம், மொசார்ட்டாக நடித்த டாம் ஹல்ஸ் இருவருமே சிறந்த நடிகர் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டு, விருது ஏப்ரஹாமுக்குப் போனதை இந்தக் கட்டமைப்பின் நேர் விளைவாகவே பார்க்கலாம்.

ஆர்ச்பிஷப் மாளிகைக் காட்சியில் இந்த முறை முழுதாகத் தெரிகிறது. மொசார்ட் பதின்மூன்று வாத்தியங்களுக்கு எழுதிய செரனேட் என்ற பல பகுதிகள் கொண்ட இசையின் மூன்றாம் பகுதி ஒலிக்கிறது. ஓபோ 2, கிளாரினெட் 2, கிளாரினெட் குடும்பத்தில் தாழ்ந்த சுருதி கொண்ட பாசெட் ஹார்ன் 2, கொம்பு 4, பாசூன் 2, அடியில் ஒரு டபுள் பாஸ். சாலியேரி நிலைச்சட்டத்தில் இருக்கும் தாளைப் பார்த்துக்கொண்டே நமக்கு விவரிக்கிறார். தொடக்கம் வெகு எளிமை, சிரிப்பு வருமளவுக்கு எளிமை. பாசூனும் பாசெட் ஹார்னும் துருப்பிடித்த துருத்திபோல அசைகின்றன. அதற்கு மேலே திடீரென்று ஓபோவின் ஒற்றைச் சுரம், அசையாமல் தொங்குகிறது. பிறகு கிளாரினெட் அதை வாங்கிக்கொண்டு இனிமையான சொற்றொடராக்குகிறது. சொல்வது எல்லாம் அந்தந்த நொடியிலேயே நம் காதில் விழுகிறது. முன்பின் மேற்கத்திய இசை கேட்டிராதவரும் அடுத்த முறை அந்த ஓபோவுக்காகக் காத்திருப்பார். பாடம் என்று தெரியாமலே நடந்துவிடும் பாடம் அது.

இந்த ஒரு முடிவிலிருந்துதான் மற்றத் திரிபுகள் வரிசையாகப் பிறக்கின்றன. கடவுளிடம் இசையைக் கேட்டு அதற்கு விலையாகப் பிரம்மச்சரியத்தைத் தந்தவர் படத்துச் சாலியேரி. அப்போதுதான் அவருடைய வழக்கு மொசார்ட்டைத் தாண்டிக் கடவுளோடு என்றாகும். நிஜச் சாலியேரிக்கு மனைவியும் எட்டுக் குழந்தைகளும் இருந்தார்கள். படத்தில் அவர் திறமை நடுத்தரமான ஆள்களின் பாதுகாவலர். நிஜத்தில் 1778இல் மிலானின் லா ஸ்காலா அரங்கு திறக்கப்பட்டபோது மேடையேறியது அவருடைய ஓபரா. 1788இல் அரசவையின் தலைமை இசைஞரானார். பேத்தோவன், ஷூபெர்ட், லிஸ்ட் மூவரும் அவரிடம் படித்தவர்கள். மொசார்ட்டின் கடைசி மகன் ஃபிரான்ஸ் ஸேவரும் அவரிடம் படித்தார். கணவரைக் கொன்றவர் என்று சந்தேகித்திருந்தால் மொசார்ட்டின் மனைவி கான்ஸ்டான்ஸ் தம் மகனை அங்கே அனுப்பியிருப்பாரா?

பொறாமையே இல்லை என்றும் சொல்ல முடியாது. சாலியேரி போன்ற இத்தாலியர்கள் தம் வழியில் தடை போடுகிறார்கள் என்று மொசார்ட்டும் அவர் தந்தையும் கடிதங்களில் குறைப்பட்டிருக்கிறார்கள். ஆனால் 1791 அக்டோபர் 14ஆம் தேதியிட்ட கடிதத்தில், ‘மந்திரப் புல்லாங்குழல்’ ஓபராவுக்குச் சாலியேரியைத் தாமே அழைத்துப்போனதாகவும், முதல் வாத்திய இசையிலிருந்து கடைசிக் குழுப்பாடல் வரை ஒவ்வொன்றுக்கும் அவர் ‘பிராவோ’, ‘பெல்லோ’ என்று சொல்லிக்கொண்டே இருந்ததாகவும் மொசார்ட் மனைவிக்கு எழுதினார். இறப்பதற்கு ஏழரை வாரம் முன்பு எழுதிய கடிதம் அது.

‘திருத்தமே இல்லாத கையெழுத்துப்படி’ காட்சியும் இதே தேவையில்தான் பிறந்தது. கான்ஸ்டான்ஸ் கொண்டுவந்த மூலத் தாள்களைச் சாலியேரி புரட்டுகிறார். ஒரு அடித்தல் இல்லை. மனத்தில் முடிந்துபோனதை அப்படியே எழுதியிருக்கிறான் என்று திகைத்துத் தாள்களைக் கைநழுவ விடுகிறார். காட்சி அபாரமானது, செய்தி தவறானது. மொசார்ட்டின் முன்வரைவுகளும் பாதியில் விட்ட தொடக்கங்களும் நூற்றுக்கணக்கில் இன்றும் இருக்கின்றன. 1785இல் ஆறு நால்வர் இசைப் படைப்புகளை மூத்த இசையமைப்பாளர் ஹைடனுக்குக் காணிக்கையாக்கியபோது, நீண்ட, கடினமான உழைப்பின் கனி என்று மொசார்ட்டே எழுதினார். அந்தக் கையெழுத்துப்படிகளில் திருத்தங்கள் நிறைய. படம் செய்த கெடுதல்களில் இதையே பெரிதாகச் சொல்ல வேண்டும். சாலியேரியின் பெயருக்கு வந்த களங்கத்தை ஆய்வாளர்கள் துடைத்துவிட்டார்கள். மேதைக்கு உழைப்பு வேண்டாம் என்ற எண்ணத்தை யாராலும் துடைக்க முடியவில்லை, இசை படிக்கும் பிள்ளைகளிடம் அது இன்றும் வேலை செய்கிறது.

இருவருக்கிடையிலான கதை நீர்த்துப்போகக் கூடாது என்பதால் மூன்றாம் நபர்களும் வெட்டப்பட்டார்கள். மொசார்ட்டின் மூன்று பெரிய இத்தாலிய ஓபராக்களுக்கு வசனம் எழுதிய லோரென்சோ தா பொன்டே படத்தில் வருவதே இல்லை. ஆனால் அவர் நினைவுக்குறிப்புகளில் எழுதிய சம்பவம் வருகிறது. ‘ஃபிகாரோவின் திருமணம்’ ஒத்திகையில், நடனத்துக்குத் தடை என்ற விதியைக் காட்டி இசையைப் பிடுங்கிவிடுகிறார்கள். ஆட்டக்காரர்கள் ஊமைக்கூத்தாக அசைவதைப் பார்த்த பேரரசர் இரண்டாம் ஜோசஃப் குழம்பி, இசையைத் திருப்பித் தரச் சொல்கிறார். தா பொன்டேயின் கதையில் எதிராளி அரங்க நிர்வாகி ரோசன்பர்க் பிரபு. படம் அந்தச் சம்பவத்தைப் பின்னாலிருந்து ஆட்டுவிக்கும் கையாகச் சாலியேரியை வைக்கிறது. மறைந்துபோன இன்னொருவர் ஃபிரான்ஸ் ஸேவர் சூஸ்மாயர். அவரிடம் பிறகு வருவோம், அவர் இல்லாமல் இந்தப் படத்தின் முடிவே இல்லை.

தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தே சில கற்பனைகள் செய்யப்பட்டிருக்கின்றன. தந்தை லியோபோல்ட் இறந்தது 1787 மே 28. ‘தொன் ஜொவான்னி’ முதலில் மேடையேறியது அதே ஆண்டு அக்டோபர் 29. கல்லறைச் சிலை உயிர்பெற்று விருந்துக்கு வந்து பாவியை நரகத்துக்கு இழுத்துப்போகும் ஓபராவில் இறந்த தந்தையின் நிழலைக் காண்பது வலிந்த வாசிப்பாக இருக்கலாம். ஆனால் ஐந்தே மாத இடைவெளி அதற்கு இடம் தருகிறது. அந்தச் சிலை, தந்தை விருந்தில் அணிந்த கறுப்பு முகமூடி, ரெக்குவியம் என்ற இறந்தோருக்கான பூசை இசையைக் கேட்டு வரும் முகமூடி ஆள் ஆகிய மூன்றையும் ஒரே சரட்டில் கோத்ததுதான் திரைக்கதையின் சாமர்த்தியம். நிஜத்தில் ரெக்குவியம் கேட்டவர் வால்செக் பிரபு. 1791 பிப்ரவரியில் இறந்த தம் இளம் மனைவிக்காக ஆள் விட்டுப் பெயர் சொல்லாமல் எழுதச் சொன்னார். பிறரிடம் வாங்கியதைத் தாம் எழுதியதாகக் காட்டிக்கொள்வது அவர் வழக்கம். இசையைத் திருடித் தன் பெயரில் போட்டுக்கொள்ளும் திட்டம் படத்தில் சாலியேரிக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. உண்மைச் சம்பவம்தான், ஆளை மட்டும் மாற்றிவிட்டார்கள்.

எல்லாத் திரிபும் இவ்வளவு யோசித்துச் செய்ததில்லை. வியன்னாவில் ‘தொன் ஜொவான்னி’ ஐந்தே முறை நடந்தது என்று படத்துச் சாலியேரி பெருமிதப்படுகிறார். 1788இல் அங்கே 15 முறை நடந்தது.

சம்பவங்களில் இவ்வளவு தாராளமாக இருந்தவர்கள் சுரத்தில் மட்டும் இம்மியும் தளரவில்லை. இசைப் பொறுப்பை ஏற்ற நெவில் மேரினர் வைத்த நிபந்தனை, மொசார்ட்டின் ஒரு சுரத்தையும் மாற்றக் கூடாது என்பது. வழக்கமாகப் படத்தை வெட்டி ஒட்டிய பிறகு அதற்கேற்ப இசையை நீட்டிக் குறுக்குவார்கள். இங்கே படப்பிடிப்புக்கு முன்பே அகாடமி ஆஃப் செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் குழுவோடு இசையைப் பதிவு செய்துவிட்டு, தளத்தில் அதை ஓடவிட்டு நடிக்கவைத்தார்கள். நம் ஊர்ப் பாடல் காட்சிகளுக்குச் செய்வதுதான், ஆனால் பாதிப் படத்துக்கு. வாயசைப்புக்குப் பழகிய நம் கண்ணுக்கு விரல்களில் பிசகினால் உடனே தெரியும். இசைப் படங்கள் வழக்கமாக மாட்டிக்கொள்வதும் அங்கேதான். முகம் ஒரு ஷாட், கை வேறொருவர் கை, நடுவில் ஒரு வெட்டு. ஹல்ஸ் தினமும் மணிக்கணக்கில் பியானோ பழகியதால் முகத்தையும் கையையும் ஒரே சட்டகத்தில் வைக்க முடிந்தது.

பேரரசர் முன்னால் சாலியேரியின் வரவேற்பு அணிநடையை ஒருமுறை கேட்டுவிட்டு, மொசார்ட் அதை நினைவிலிருந்து வாசித்து, அங்கேயே திருத்தி ஜொலிக்கவைக்கும் காட்சியின் பின்னால் தலைகீழான வேலை இருக்கிறது. திருத்தி முடித்ததும் வருவது ‘ஃபிகாரோ’வின் புகழ்பெற்ற பாடல், நோன் பியூ அந்த்ராய். அந்த மெட்டிலிருந்து துள்ளலை உருவி, எதிர்பாராத திருப்பங்களை நீக்கி, மொட்டையாக்கியதுதான் ‘சாலியேரி’ எழுதியதாகக் காட்டப்படும் அணிநடை. நல்ல மெட்டை எந்த இடங்களில் மழுக்கினால் சாதாரணமாகும் என்று தெரிந்தவர்களால்தான் இதைச் செய்ய முடியும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள், மொசார்ட் என்ன செய்கிறார் என்பதற்குப் பல பக்க விளக்கம் மிச்சமாகும்.

படப்பிடிப்பு 1983இல் பெரும்பாலும் ப்ராகில் நடந்தது. 1968க்குப் பிறகு நாட்டைவிட்டுப் போன ஃபோர்மன், கம்யூனிச ஆட்சியில் இருந்த தாய்நாடான செக்கோஸ்லோவாக்கியாவுக்குத் திரும்பி வந்து எடுத்தார். நவீனக் கட்டடங்கள் குறுக்கிடாத பதினெட்டாம் நூற்றாண்டுத் தெருக்கள் அங்கே அப்படியே இருந்தன. போட வேண்டியிருந்த பெரிய செட்கள் நான்கே: சாலியேரியின் மருத்துவமனை அறை, மொசார்ட்டின் வீடு, ஒரு மாடிப்படி, ஜனங்கள் கூடும் புறநகர்க் கொட்டகை. ஓபராக் காட்சிகளை, ‘தொன் ஜொவான்னி’ முதன்முதலில் நடந்த அதே ஸ்தவோவ்ஸ்கே அரங்கில் எடுத்தார்கள். 1783இல் திறந்த, உள்ளே மர வேலைப்பாடு கொண்ட கட்டடம். அதற்குள் நிஜ மெழுகுவர்த்தி விளக்குக் கொத்துகள் ஏற்றி, தீயணைப்பு வீரர்களை அருகில் நிறுத்திவைத்து எடுத்தார்கள். ஒளிப்பதிவாளர் மிரோஸ்லாவ் ஒண்ட்ரிசெக் பிடித்த அந்த மஞ்சள் ஒளியில் முகங்களின் பூச்சும் வியர்வையும் தனித்தனியாகத் தெரிகின்றன.

மூலநாடகத்தில் இல்லாத, படத்துக்கென்றே எழுதிய காட்சி ஒன்று இத்தனைக்கும் சிகரம். சாகக் கிடக்கும் மொசார்ட் ரெக்குவியத்தின் ‘கன்ஃபுதாதிஸ்’ பகுதியைச் சொல்லச் சொல்ல, கட்டிலின் காலடியில் சாலியேரி எழுதிக்கொள்கிறார். ஏ மைனர். முதலில் ஆண் குரல்களில் தாழ்ந்தது, ‘சபிக்கப்பட்டோர்’ என்ற சொல்லின் மேல். அந்த வரி மட்டும் நமக்குக் கேட்கிறது. அடுத்து அதைத் துரத்தும் உயர்ந்த ஆண் குரல். பிறகு அவற்றோடு ஒட்டி நடக்கும் பாசூனும் டிராம்போனும். பிறகு எக்காளமும் டிம்பனி முரசும் — இங்கே சாலியேரிக்குப் புரிவதில்லை, வேகமாகப் போகிறாய் என்று கெஞ்சுகிறார், சட்டென்று பிடிபட்டதும் முகம் ஒளிர்கிறது. கடைசியில் அடியில் தீயாகச் சுழலும் வயலின்கள். எல்லாம் சேர்ந்து ஒருமுறை முழுதாக ஒலிக்கிறது. அது அடங்கியதும் பெண் குரல்கள் ‘என்னை அழைத்துக்கொள்’ என்று மெல்ல இறைஞ்சுகின்றன.

ஒரு மெட்டு, அதன் நெளிவு, அதன் விரிவு என்று கேட்டுப் பழகிய கர்நாடக இசை ரசிகர்களுக்கு மேற்கத்திய சேர்ந்திசை முதலில் இரைச்சலாகத்தான் படும். எந்த இழையைப் பிடிப்பது என்று தெரியாது. இந்தச் சில நிமிடங்கள் இழைகளை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு முடிச்சுப் போடுகின்றன. எழுதும் வேலையைக் கண்ணுக்குத் தெரியவைப்பது எப்படி என்ற பழைய சிக்கலுக்கு, திரைப்படம் கொடுத்த பதில்களில் இதைவிடச் சிறந்த ஒன்றைக் காட்டுவது கடினம். நிஜத்தில் சாலியேரி அந்த அறையில் இல்லை. மொசார்ட்டின் கையெழுத்தில் இந்தப் பகுதிக்கு இருப்பவை நான்கு குரல்கள், கீழ்வரி, தந்திகளின் முக்கிய இழைகள். அவர் வாயால் சொல்வதாகப் படம் காட்டும் டிராம்போனும் முரசும் அவர் இறந்த பிறகு பிறர் நிரப்பியவை.

2002இல் ஏறத்தாழ இருபது நிமிடம் கூடுதலாக இயக்குநரின் பதிப்பு வந்தது. அதில் திரும்ப வந்த ஒரு காட்சி முக்கியமானது. கணவனுக்கு வேலை கேட்டு வந்த கான்ஸ்டான்ஸை, அதற்கு விலையாக இரவில் தனியாக வரச் சொல்லும் சாலியேரி, அவர் வந்து ஆடையைக் களைந்து நின்றபோது வேலைக்காரனைக் கூப்பிட்டு வெளியே அனுப்பி அவமானப்படுத்துகிறார். 1984 பதிப்பில் இது இல்லாததால், கடைசியில் கணவன் பக்கத்தில் சாலியேரியைக் கண்டதும் கான்ஸ்டான்ஸ் காட்டும் வெறுப்புக்குக் காரணம் பிடிபடாமல் நிற்கும். புதிய பதிப்பில் அது நேராகிறது. ஆனால் சாலியேரி வெறும் கயவனாகச் சரிந்துவிடுகிறார். அவர் காதை நம்பித்தான் நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம், அந்த ஆளை வெறுக்கத் தொடங்கினால் கேட்பதும் கெடும். முதல்முறை பார்ப்பவர்கள் 1984 பதிப்பையே தேடிப் பார்ப்பது நல்லது.

அடக்கக் காட்சியில் கொட்டும் மழை, பெட்டியின் அடிப்பக்கம் திறந்து குழிக்குள் விழும் சாக்குமூட்டை, மேலே தூவும் சுண்ணாம்பு. 1791 டிசம்பர் 6இல் வியன்னாவில் புயல் இல்லை, வெப்பம் மிதமாக இருந்தது, அடிக்கடி பனிமூட்டம் என்று அன்றைய நாட்குறிப்பு ஒன்று சொல்கிறது. சாக்கில் கட்டிப் புதைத்து, பெட்டியைத் திரும்பப் பயன்படுத்தும் ஆணையை இரண்டாம் ஜோசஃப் 1784இல் போட்டது உண்மை. மக்கள் கொதித்ததால் சில மாதங்களில் திரும்பப் பெற்றுவிட்டார். மொசார்ட்டுக்குக் கிடைத்தது செயின்ட் மார்க்ஸ் கல்லறையில் நடுத்தர வருவாய்க்காரர் பலருக்கும் கிடைத்த சாதாரண அடக்கம்.

அந்தக் காட்சியின் மேல் ஒலிப்பது ரெக்குவியத்தின் ‘லாக்ரிமோசா’ பகுதி. அதில் மொசார்ட் எழுதியது முதல் எட்டு பார்கள், அதாவது எட்டுத் தாளக் கட்டங்கள். குரல்கள் படிப்படியாக மேலே ஏறி உச்சிக்குப் போகும் இடத்தில் கையெழுத்து நின்றுவிடுகிறது. அங்கிருந்து கடைசி ‘ஆமென்’ வரை எழுதி முடித்தவர் சூஸ்மாயர், மொசார்ட்டின் உதவியாளர், அப்போது இருபத்தைந்து வயது. அவர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் படம் சாலியேரியை உட்காரவைத்தது. ஒரு சட்டகத்தில்கூட அவர் முகம் இல்லை, பெயரும் இல்லை. இறுதி ஊர்வலம் வீட்டைவிட்டுப் புறப்பட்டுச் சற்று நேரத்துக்கெல்லாம் மொசார்ட்டின் எட்டு பார்கள் தீர்ந்துவிடுகின்றன. குழியருகே அந்த மூட்டை விழும்போது நாம் கேட்பது சூஸ்மாயரை.